கார்டில் ஒரு வார்த்தை

மகள் ஒருவனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள் என்று என் மனைவி அனுப்பினாள். அதற்காகத்தான் கோலாலம்பூர் போனேன்.

எனக்கு ஊர் திருச்செங்கோடு. வேலை ஆழ்துளைக் கிணறு போடுவது. முப்பது வருடம் போர் வண்டியோடு வடக்கே பல ஊர் சுற்றியிருக்கிறேன். கடல் தாண்டியது இதுதான் முதல் தடவை. படிப்பு ஐந்தாவதோடு நின்றது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மகள் பெயர் சுகன்யா. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. இன்னும் மூன்று பெண்களோடு ஒரு அடுக்கு வீட்டில் இருக்கிறாள். எனக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்திருந்தாள். நான் போன நேரம் அங்கே நோன்பு மாதம்.

முதல் நாள் மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ் கூட்டிப் போனாள். தெருவெல்லாம் தமிழ் போர்டு. பூக்கடை, சேலைக்கடை, நகைக்கடை. ஈரோடு கடைவீதியில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஒரு சீனக் கிழவி தமிழில் மல்லிகைப்பூ விலை கேட்டாள். அப்போதுதான் வேறு ஊர் என்று பட்டது.

ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். முதலாளி ஹமீது, தொண்டிப் பக்கத்துக்காரர். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட வந்தவர்கள் எல்லாம் நம் ஆட்களும் சீனர்களும்தான். பரிமாறுகிறவன் வந்து, "மக்கானா, பொங்குஸா அண்ணே?" என்றான். பொங்கலே கொடு என்றேன். சுகன்யா சிரித்தாள். மக்கான் என்றால் அங்கேயே சாப்பிடுவது, பொங்குஸ் என்றால் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது. சோறும் மீன் குழம்பும் வாங்கினோம். குழம்பில் புளி குறைவு, தேங்காய் அதிகம். மீன் நன்றாக இருந்தது.

பாதிச் சாப்பாட்டில் பையன் வந்தான். சரவணன். முப்பத்தோரு வயது. கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான். என் காலைத் தொட்டான். எதிரில் உட்கார்ந்தான். இலை போடச் சொன்னேன்.

"வேணாம் அங்கிள். நீங்க சாப்பிடுங்க."

தண்ணீராவது குடி என்றேன். அதுவும் வேண்டாம் என்றான். பரிமாறுகிறவனும் அவன் பக்கம் தம்ளர் வைக்கவில்லை. விரதமா என்று கேட்டேன். அவன் சுகன்யாவைப் பார்த்தான். "அந்த மாதிரிதான் அங்கிள்" என்றான்.

எனக்கு அது பிடித்தது. சோறு கண்ணெதிரில் மணக்கிறது. பையன் எச்சில்கூட விழுங்கவில்லை. கிரேனைப் பற்றிக் கேட்டேன். காற்று அடித்தால் எப்படி நிறுத்துவான், கம்பி எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்ப்பான் என்று சொன்னான். மிஷினை மதிக்கிறவன் பேச்சு.

அறைக்குப் போனதும் மனைவிக்குப் போன் போட்டேன்.

"பையன் விரதம் இருக்கறான்."

"எந்தச் சாமிக்கு?"

"கேக்கல."

"கேளுங்க. முருகனுக்குன்னா பரவால்ல."

வேண்டாம் என்று சொல்லி அனுப்பியவள் பரவாயில்லை என்கிறாள். விரதத்துக்கு அத்தனை மதிப்பு.

மறுநாள் சுகன்யாவுக்கு வேலை. கிள்ளானில் பையனின் அம்மாவைப் பார்க்க நான் தனியாகக் கிளம்பினேன். பெரிய ஸ்டேஷனில் விட்டு, எந்த ரயில் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அடுத்த பக்கம் வந்ததில் ஏறிவிட்டேன்.

வண்டிக்குள் கடும் குளிர். பக்கத்தில் தலையில் துணி போட்ட மலாய்க்கார அம்மாவும் அவர் மகளும். தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். சுற்றிலும் நோன்பு இருக்கிறவர்கள் என்று நினைவு வந்தது. மூடி வைத்தேன். அந்த அம்மா பார்த்துவிட்டார். குடியுங்கள், குடியுங்கள் என்று கையைக் காட்டினார். எங்களுக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் வயதானவர் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். எங்கள் ஊரில் மாலை போட்டவன் எதிரே பீடி பற்றவைத்தால் சண்டை. குடித்தேன்.

கடைசி ஸ்டேஷன் வந்தது. இறங்கினால் எதிரே மலை. மலைக்கு முன்னால் தங்க நிறத்தில் முருகன். பத்துமலை. கிள்ளான் போக வேண்டியவன் நேர் எதிர்ப்பக்கம் போயிருக்கிறேன். படி ஏற முழங்கால் இடம் தராது. கீழே நின்று ஒரு கும்பிடு போட்டேன். கடையில் ஒரு தோசை தின்றேன். வந்த வழியிலேயே ரயிலில் திரும்பினேன்.

கிள்ளான் போய்ச் சேர மணி இரண்டரை. சரவணன் காரோடு காத்திருந்தான். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வந்தவன். பத்துமலை போய் வந்தேன் என்றதும் சிரித்தான்.

"எல்லாரும் போற எடந்தான் அங்கிள். நீங்க மட்டுந்தான் வழி தவறிப் போயிருக்கீங்க."

கொஞ்ச தூரம் ஓட்டினான். கடைத்தெரு தாண்டி ஒரு பாலத்தடியில் காரை நிறுத்தினான். மன்னிச்சுக்குங்க அங்கிள், அஞ்சு நிமிசம் என்றான். வெயிலுக்கு முன் கண்ணாடியில் வைக்கும் வெள்ளி அட்டையை எடுத்து விரித்து மாட்டினான். இரண்டு பக்கக் கண்ணாடிக்கும் துணி. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு டப்பா. அதில் சோறும் முட்டையும். தலையைக் குனிந்து வேகமாகத் தின்றான். யாராவது நடந்து போனால் மெல்லுவதை நிறுத்தினான்.

விரதம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்கிறவனுக்குப் பெண் கொடுக்க முடியாது.

வாயைத் துடைத்துக்கொண்டு பர்ஸிலிருந்து அடையாளக் கார்டை எடுத்துக் கொடுத்தான். அதை அங்கே ஐசி என்கிறார்கள்.

"படிங்க அங்கிள்."

படம், நம்பர், பெயர், அப்பா பெயர் மாணிக்கம், விலாசம். கீழே ஓரத்தில் ஒரே ஒரு வார்த்தை. இஸ்லாம்.

"நான் பொறந்ததுல இருந்து கும்பிடறது அம்மாவோட சாமிதான். காவடி எடுத்திருக்கேன். ஆனா இந்த ஐசிய வச்சுக்கிட்டு நோன்பு மாசத்துல பகல்ல கடையில சாப்பிட்டா புடிப்பாங்க. எனக்குச் சோறு போட்ட கடைக்காரருக்கும் கஷ்டம். அதான் நேத்து ஒக்காந்துகிட்டே இருந்தேன். பொய் சொன்னதுக்கு சாரி அங்கிள்."

அம்மா ராஜேஸ்வரி ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். வீடு சின்னது, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முருகன் படத்துக்கு விளக்கு எரிந்தது. கிழங்குப் பலகாரம் வைத்தார். மிச்சத்தை அவர்தான் சொன்னார்.

சரவணனுக்கு நான்கு வயதில் அவன் அப்பா இஸ்லாத்துக்குப் போனார். அதற்கு முன் மாணிக்கம், அதற்குப் பின் ரஹீம். பெரும் குடிகாரராக இருந்தவர் அதோடு குடியை விட்டார். மனைவியையும் கூப்பிட்டார். அவர் வரவில்லை. ஒரு நாள் முடி வெட்டப் போகிறோம் என்று பிள்ளையைக் கூட்டிப் போனார். போனது மத ஆபீசுக்கு. பிள்ளையையும் பதிந்துவிட்டார். ராஜேஸ்வரிக்கு இது தெரிந்தது பன்னிரண்டு வயதில் பையனுக்கு ஐசி வந்தபோதுதான்.

"எனக்கு அந்த நாள் கொஞ்சம் ஞாபகம் இருக்கு அங்கிள்," என்றான் சரவணன். "ரோஸ் கலர்ல சிரப் குடுத்தாங்க. ரெண்டு கிளாஸ் குடிச்சேன்."

ராஜேஸ்வரி தன் ஐசியை எடுத்து மகனின் ஐசிக்குப் பக்கத்தில் வைத்தார். இவர் கார்டில் அந்த ஓரம் காலி. முஸ்லிம்களுக்கு மட்டும்தான் அந்த வார்த்தை வரும். மற்றவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

அந்த வார்த்தை இருக்கிற வரைக்கும் அவன் என் மகளைச் சட்டப்படி கட்ட முடியாது. அவளும் மாறினால் முடியும். மாறினால் பிள்ளைகளும் அப்படியே. செத்தால் எந்த மண்ணுக்கு என்பதுகூட அந்த வார்த்தையில் இருக்கிறது. எடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. அம்மாவைக் கேட்காமல் செய்தேன் என்று அப்பாவே எழுதிக் கொடுத்தால் கேஸுக்குப் பலம். அவர் ஆறு வருடமாக மறுக்கிறார். இன்னும் இரண்டு நாளில் வக்கீலைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ் வந்து ஹமீது கடைக்குப் போனேன். நோன்பு திறக்கும் நேரம். எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்குக் காத்திருந்தார்கள். எனக்கும் ஒரு பழம், ஒரு கிண்ணம் கஞ்சி. நம் ஊர்ப் பள்ளிவாசல் கஞ்சிதான். கறி கொஞ்சம் கூட.

பையன் சங்கதி தெரியுமா பாய் என்றேன். தெரியும் என்றார்.

"பதினோரு மாசம் எங்கடையிலதாண்ணே திங்கிறான். இந்த ஒரு மாசம் நான் அவன் மூஞ்சியப் பாக்கறதில்ல. நோன்புங்கறது எனக்கும் அல்லாவுக்கும் நடுவுல இருக்கறது. நடுவுல ஆபீசர் வந்து நின்னா அது நோன்பா? இத நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராதீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால் பெயரை மாற்றி எழுதியிருக்கிறேன்.

அப்பாவைப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். காலையில் போங்க, சாயங்காலம் ஆனால் பசியில் மனுசன் சுருக்கென்று பேசுவான் என்றார்.

சுகன்யாவிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாப்பா?" என்றாள். வந்திருக்க மாட்டேன். அவள் சொன்னது சரிதான். மாறிக்கொள்ளச் சொன்னால் மாறுவாயா என்றேன். "மனசு மாறி மாறுனா அது வேற. ஒரு ஃபாரத்தை ரொப்பறதுக்காக மாற மாட்டேன். அவரும் அதக் கேக்கல. காத்துக்கிட்டு இருப்போம். எத்தன வருசம்னு தெரியல."

அன்று படுத்தபோது சேகர் ஞாபகம் வந்தான். என் வண்டியில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவான். அங்கே அவன் பெயர் சேவியர். சர்டிபிகேட்டில் சேகர், இந்து. சேவியர் என்று எழுதினால் பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகை போய்விடும். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பேரு, தாலுகா ஆபீசுக்கு ஒரு பேராடா என்று நான் அவனைப் பலமுறை கேலி செய்திருக்கிறேன். வண்டியே சிரிக்கும். அவனும் சிரிப்பான். நம் கார்டில் மதம் இல்லை என்று பெருமையாக நினைத்திருந்தேன். வேறு தாளில் இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை, சரவணனின் அப்பா இருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்குக் கிளம்பினேன். டாக்ஸிக்காரர் ஒரு சீனர். தெருப் பெயரை நான் சொன்ன விதத்தில் வேறு தெருவுக்குப் போய், சவப்பெட்டிக் கடை வாசலில் இறக்கிவிட்டார். அரை மணி நடந்தேன். வெயில் நம் ஊர் வெயில் இல்லை, துணியோடு ஒட்டுகிற வெயில். ரஹீமின் டயர் கடை ஒரு பட்டறை வரிசையில் கடைசி.

என் வயதுதான் இருக்கும். வெள்ளைத் தொப்பி, நெற்றியில் தொழுத தழும்பு. கையெல்லாம் டயர்க் கறுப்பு. பெண்ணின் அப்பா என்று சொன்னேன். ஒரு ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். டீ வாங்கி வரட்டுமா என்றார். நீங்க நோன்பு இருக்கறப்ப வேண்டாங்க என்றேன்.

"மகன் அனுப்பினானா?"

"இல்லீங்க. நானா வந்தேன்."

ஒரு டயரை மிஷினில் ஏற்றினார். வேலையை நிறுத்தாமலே பேசினார்.

"லாயருங்க வந்தாங்க. இந்து சங்கத்துல இருந்து வந்தாங்க. எல்லாரும் நான் திருடிட்டு வந்த மாதிரி பேசினாங்க. நான் திருடல அண்ணே. குடிச்சுச் சாகக் கெடந்தவன். எனக்கு ஒரு நல்லது கெடச்சுது. புள்ளைக்கும் கெடைக்கட்டும்னு நெனச்சேன். கெட்டதையா குடுத்தேன்?"

இல்லை என்றேன். அவரைப் பார்த்தால் கெட்டதைக் கொடுத்தவராகத் தெரியவில்லை.

"அவன் எங்கிட்ட வர்றதில்ல. பெருநாளைக்குக்கூட வர்றதில்ல. அந்த ஐசில இருக்கற ஒரு வார்த்தைதான் எனக்கும் அவனுக்கும் ஒண்ணா இருக்கு. அதையும் எடுத்துட்டா எனக்கு என்னா இருக்கு, சொல்லுங்க."

போர் போடும்போது பாறை வந்தால் கொஞ்சம் நிறுத்தி, துளைக்கிற பிட்டை ஆறவிட்டுத்தான் இறக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் டயரைக் கழற்றி, பஞ்சர் தேடி, ஒட்டி முடித்தார். பிறகு சொன்னேன்.

"நேத்து அவன் சாப்பிட்டதப் பாத்தேனுங்க."

"எங்க?"

"பாலத்தடியில. காருக்குள்ள. கண்ணாடிக்கு அட்டை வச்சு மறச்சுக்கிட்டு. ஆள் நடந்து போனா வாய அசைக்காம நிறுத்திக்கறான்."

அவர் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"ஒவ்வொரு வருசமுமா?"

"அப்படித்தான் சொல்றான்."

ஒட்டிய டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தார். பிறகு என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்.

"நான் நோன்பு வைக்க ஆரம்பிச்சு இருபத்தேழு வருசம் ஆச்சு. ஒருத்தரும் என்னைய மெரட்டி வைக்கச் சொல்லல. நானாத்தான் வைக்கிறேன்."

மத்தியானப் பாங்கு கேட்டது. தொழுகைக்குக் கை கழுவப் போனார். நாளை மூன்று மணிக்குக் கிள்ளானில் வக்கீல் ஆபீஸ் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மனைவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரே பேச்சாக, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கேஸ் நிற்காவிட்டால் என் மகள் எந்தப் பதிவும் இல்லாமல் கிழவியாகிற வரை காத்திருப்பாள். அது எனக்கும் பயம்தான்.

நான்காம் நாள் கிள்ளான். வக்கீல் ஆபீஸ் ஒரு வாழைப்பழக் கடைக்கு மேலே, மாடியில். வக்கீல் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். வேகமாகப் பேசுகிறாள். பாதி ஆங்கிலம், கால் மலாய். ராஜேஸ்வரி, சரவணன், லீவு போட்ட சுகன்யா, நான். மூன்று மணி ஆனது. மூன்றே கால் ஆனது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தோம்.

மூன்றரைக்குப் படியில் செருப்புச் சத்தம். ரஹீம் வந்தார். சலவைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் கறுப்பு இருந்தது. சரவணன் எழுந்து நின்றான். ராஜேஸ்வரி எழவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ரஹீம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

வக்கீல் எழுதி வைத்திருந்த தாளைப் படித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். ஓரிடத்தில் ரஹீம் கையைத் தூக்கினார்.

"ஏமாத்தினேன்னு போட்டிருக்கு."

"ஆமா அங்கிள். முடி வெட்டன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்கல்ல? கேஸுக்கு அதுதான் பலம்லா."

"ஏமாத்தல. அவன் அம்மாகிட்டச் சொல்லல, கேக்கல. அது உண்மை. அத எழுதுங்க, கையெழுத்து போடறேன். ஏமாத்தினேன்னு என் புள்ள படிக்கற தாள்ல நான் போட மாட்டேன்."

வக்கீல் ராஜேஸ்வரியைப் பார்த்தாள். ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த மனுசன் ஒரு வார்த்தையில் எழுந்து போய்விடுவார் போல இருந்தது. ராஜேஸ்வரி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். இருபத்தேழு வருட ஏச்சு அந்த வாயில் இருந்திருக்கும்.

"கேக்கலன்னே எழுதும்மா," என்றார். "கேட்டிருந்தா போதும்னுதான் நானும் இத்தன நாளாச் சொல்றேன்."

வக்கீல் திருத்தி மறுபடி அச்சடித்தாள். ரஹீம் பேனாவை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டார். இது போட்டால் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயரை எடுத்துவிடுவார்களா என்று. அதை யாரும் தொட முடியாது அங்கிள் என்றாள். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக, பெரிதாக, என் எழுத்து மாதிரியே இருந்தது.

கேஸ் ஜெயிக்குமா என்று கேட்டேன். நிச்சயம் சொல்ல முடியாது, ஆனால் இப்போதுதான் நிற்கக் கால் கிடைத்திருக்கிறது என்றாள் வக்கீல்.

சரவணன் கார் சாவியை எடுத்துக்கொண்டு அப்பா பின்னால் வந்தான். கார்ல விடட்டுமாப்பா என்று கேட்டான். பைக் இருக்கிறது என்றார் அவர். வாசல் வரை போய் நின்று, என் பக்கம் திரும்பினார்.

"கல்யாணம் உங்க ஊர்லயா அண்ணே, இங்கயா?"

நான் அதுவரை யாருக்கும் சரி என்று சொல்லவில்லை. சுகன்யா என் முகத்தைப் பார்த்தாள்.

"புதுக் கார்டு வரட்டுங்க. வந்தா இங்கயே வெச்சுக்கலாம்."

"சாப்பாடு?"

"சைவந்தாங்க. எங்க பக்கம் கல்யாணத்துக்குச் சைவந்தான்."

தலையை ஆட்டினார்.

"அப்ப நான் சாப்பிடலாம்," என்றார். படியிறங்கிப் போனார்.